181 விண்ணப்பங்கள், ஒரு பெண்கூட இல்லை

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் சுமார் 12,000 ஊழியர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வளாக நேர்காணல்கள் அதற்கு முன்பிருந்தே மெலிந்துவந்தன. புதிதாகச் சேர்பவர்களிடம் கொடுக்கப்பட்டுவந்த சின்னச் சின்ன வேலைகளை இனி செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. கல்விக் கடன் வாங்கி மகளைக் கணினி அறிவியலில் சேர்த்திருக்கும் பெற்றோர் கலங்குவதில் வியப்பில்லை. பட்டம் மட்டும் போதாது, செய்து காட்டிய வேலை எங்கே என்று கேட்கிறார்கள் வேலை கொடுப்பவர்கள். வேலையில் சேராமலேயே வேலையைச் செய்து காட்டுவதற்கு இன்று உள்ள மிகப் பெரிய இடம் கட்டற்ற மென்பொருள். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, சிபாரிசு வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால், அங்கே பெண்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏரி எல்லோருக்கும், கரை சிலருக்கு

ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அதன் உரிமம் சொன்னால் அது கட்டற்ற மென்பொருள். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும், பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸும் இதன் அடித்தளங்கள். நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். படம் பார்க்கும் விஎல்சி, இணையம் பார்க்கும் ஃபயர்பாக்ஸ் எல்லாம் இந்த வகைதான்.

தமிழகப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலுக்குப் பைத்தான், பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகளுக்கு ஓபன் ஆபிஸ். இரண்டும் கட்டற்றவை. ஆக, அரசுப் பள்ளி மாணவிக்கு இது அந்நியச் சரக்கு அல்ல. அதைப் பயன்படுத்துகிறாள். அதில் தானும் கைவைத்துத் திருத்தலாம் என்பதை மட்டும் யாரும் அவளிடம் சொல்வதில்லை.

கட்டற்ற மென்பொருளைக் குடிமராமத்தோடு ஒப்பிடலாம். ஏரித் தண்ணீர் ஆயக்கட்டு முழுவதற்கும் பாயும்; கரை உடையாமல் பார்த்துக்கொள்ள மண்வெட்டியோடு வருபவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. எக்ஸ்இசட் என்ற சிறு கருவி, கோப்புகளைச் சுருக்கப் பயன்படுவது, பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பராமரித்துவந்தவர் ஏறக்குறைய தனி ஆள். உதவிக்கு வருவதுபோல் புனைபெயரில் வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கான வழியை அதில் செருகிவிட்டார். கணினியில் நுழையச் சுமார் அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஒரு பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் தப்பித்தோம்.

பராமரிக்க ஆள் இல்லை என்று இந்த உலகம் அலறிக்கொண்டிருக்கிறது. மறுபக்கம், மக்கள்தொகையில் பாதியை அழைக்காமலே விட்டுவைத்திருக்கிறது.

மூன்றில் ஒருவர், நூறில் மூவர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, தனியார் மென்பொருள் துறையில் பெண்கள் சுமார் 28 சதவீதம் என்றும், கட்டற்ற மென்பொருளில் 2 சதவீதம்கூட இல்லை என்றும் சொன்னது. நிரலாளர்கள் நிரல்களைப் பகிர்ந்து சேர்ந்து எழுதும் கிட்ஹப் தளம் 2017இல் நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் 95 சதவீதம் ஆண்கள், 3 சதவீதம் பெண்கள். இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையிலோ மூன்றில் ஒருவருக்கு மேல் பெண். கணினி பெண்களுக்கு வராது என்ற வாதம் இந்த எண்களின் முன் நிற்காது. அலுவலகத்தில் நிரல் எழுதும் பெண், பொதுவெளியில் எழுதுவதில்லை. அவ்வளவுதான்.

அழைத்ததும் வந்தார்கள்

லினக்ஸ் கணினிகளில் திரையை அழகாகக் காட்டும் மென்பொருள்களில் ஒன்று க்னோம். 2006 கோடையில், கூகுளின் உதவித்தொகையோடு மாணவர்கள் கட்டற்ற மென்பொருளில் வேலை செய்யும் திட்டத்தில் க்னோமுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணிடமிருந்து வரவில்லை.

"அவர்களுக்கு ஆர்வமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். பெரும்பாலான இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள். க்னோமில் இருந்த ஹன்னா வாலக், கிறிஸ் பால் இருவரும் அதே கோடையில் பெண்களுக்கென்றே தனி அழைப்பு விடுத்தார்கள். மூன்று பேருக்கு உதவித்தொகை என்று தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 100 விண்ணப்பங்கள் வந்து சேர, ஆறு பேரை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு, அதே மென்பொருள். ஓர் அறிவிப்புக்குப் பூஜ்யம், இன்னொன்றுக்கு நூறு. வேறுபாடு, "நீங்கள் வாருங்கள்" என்று எழுதியிருந்ததுதான்.

2010இல் மரீனா ஜூராகின்ஸ்கயா இதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். பிற மென்பொருள் திட்டங்களும் சேர்ந்துகொள்ள, 2015 முதல் அது அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கிறது. இதுவரை ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதன் வழியாக வந்திருக்கிறார்கள். மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை, 7,000 டாலர் உதவித்தொகை, சொல்லிக்கொடுக்க அனுபவசாலி ஒருவர். அழைப்பு, பணம், ஆள்: மூன்றும் ஒன்றாகக் கிடைத்ததுதான் அதன் வெற்றி.

பைத்தான் நிரல்மொழி உலகில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. அதன் வட அமெரிக்க ஆண்டு மாநாட்டில் 2011இல் உரையாற்றியவர்களில் பெண்கள் 1 சதவீதம். 2016இல் 40 சதவீதம். ஜெசிகா மெக்கெல்லர் உள்ளிட்ட அமைப்பாளர்கள், தகுதியுள்ள பெண்களைத் தேடிப்பிடித்துத் தனித்தனியே எழுதிக் கேட்டார்கள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. "எல்லோரையும் வரவேற்கிறோம்" என்ற பலகையை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முகம் சுளிக்கிறோம், நேரில் வந்து அழைக்கவில்லையே என்கிறோம். மென்பொருள் விஷயத்தில் மட்டும் இது நமக்கு ஏன் புரிவதில்லை?

இல்லாததால் என்ன நட்டம்?

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்பது உலகத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் கட்டற்ற வரைபடம். பேரிடர் மீட்புப் பணியாளர்கள் முதல் உணவு கொண்டுவரும் செயலிகள் வரை பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வரைபடத்தில் புதிய குறிகளுக்கான முன்மொழிவுகள்மீது உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். 2011இல் குழந்தைகள் காப்பகத்துக்குத் தனிக் குறி வேண்டும் என்ற முன்மொழிவு தோற்றுப்போனது. மதுக்கூடம், இரவு விடுதி போன்றவற்றுக்கு அங்கே நுணுக்கமான குறிகள் இருந்தன. மோனிகா ஸ்டீபன்ஸ் என்ற புவியியல் ஆய்வாளர் 2013இல் இதைச் சுட்டிக்காட்டினார். வாக்களித்த ஆண்கள் கெட்டவர்கள் அல்லர். வேலைக்குப் போகும் வழியில் குழந்தையை எங்கே விடுவது என்று தேடிய அனுபவம் அவர்களில் பலருக்கு இருந்திருக்காது. அந்தக் குறி பின்னாளில் வந்துசேர்ந்தது. லத்தீன் அமெரிக்காவில் 2016இல் தொடங்கிய ஜியோசிகாஸ் என்ற பெண்கள் குழு, எந்தெந்தத் தெருவுக்குப் பெண்களின் பெயர் இருக்கிறது என்றுகூட வரைந்து காட்டிவிட்டது.

இன்னொரு உதாரணம். ஆப்பிள் நிறுவனம் 2014இல் உடல்நலக் கணக்கு வைக்கும் வசதியை வெளியிட்டபோது அதில் மாதவிடாய்க்கு இடமில்லை. அடுத்த ஆண்டுதான் சேர்த்தார்கள். அது தனியார் மென்பொருள், நிறுவனம் மனம்வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் காத்திருக்க வேண்டியதில்லை. பெர்லினில் ஒரு சிறு குழு டிரிப் என்ற மாதவிடாய்ச் செயலியைத் தானே எழுதி, நிரலையும் வெளியிட்டிருக்கிறது. பதிவுகள் பெண்ணின் போனிலேயே இருக்கும். எந்த விளம்பர நிறுவனத்துக்கும் போகாது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் எவரும் தமிழில் வாக்கியங்களை வாசித்துக் குரலைத் தானமாகத் தரலாம். பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்களைப் பழக்குவது இப்படிப்பட்ட பதிவுகளை வைத்துத்தான். பல மொழிகளில் அங்கே ஆண் குரல்களே மிகுதி. நாளை ரேஷன் கடை விவரத்தையோ பேருந்து நேரத்தையோ பேசிக் கேட்கும் கருவி வரும்போது, அது ஒரு பாட்டியின் குரலைப் புரிந்துகொள்ளுமா என்பது இன்று யார் பேசிப் பதிவுசெய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஓய்வு யாருக்கு இருக்கிறது?

கட்டற்ற மென்பொருளின் பெருமையே, ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் கட்டியது என்பதுதான். அந்த ஓய்வு நேரம் யாருடையது? மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். இரவுச் சாப்பாடு முடிந்து மடிக்கணினியைத் திறக்கும் ஆணுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் ஒருவர் அநேகமாக இருக்கிறார்.

எனவே, "இலவசமாக வந்து உழையுங்கள்" என்று பெண்களை அழைப்பதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. ஏற்கெனவே கூலியில்லாமல் உழைப்பவர்களிடம் இன்னும் கூலியில்லா உழைப்பைக் கேட்பதாகிவிடும். அவுட்ரீச்சி பணம் கொடுப்பதன் நியாயம் இதுதான். தியாகத்தைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்துவதைவிட, மூன்று மாதச் சம்பளம் மேல்.

மாணவிகளுக்கு வேறு வகைத் தடை. நிரல் எழுதும் போட்டிகளை இரவு முழுக்க நடத்துவது ஒரு மோஸ்தராகிவிட்டது. மாலை ஆறு, ஏழு மணிக்கே பெண்கள் விடுதியின் கதவு மூடப்படும் கல்லூரிகளில், அந்த அழைப்பிதழ் ஆண்களுக்கு மட்டுமே என்று அச்சடித்ததற்குச் சமம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடும் பயனர் குழுக் கூட்டம் ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில், ஞாயிறு மாலை, கடைசிப் பேருந்தைத் தவறவிடும் நேரத்தில். திட்டமிட்டு யாரும் ஒதுக்குவதில்லை. நேரத்தைக் குறிப்பவர்களில் பெண் இல்லை.

பெயரைப் பார்த்துத் தீர்ப்பு

வந்த பிறகு என்ன நடக்கிறது? கிட்ஹப்பில் அனுப்பப்பட்ட திருத்தங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவையே ஆண்களுடையதைவிடச் சற்று அதிகமாக ஏற்கப்பட்டன. ஆனால், திட்டத்துக்குப் புதியவர்களை மட்டும் தனியே பார்த்தால் கதை மாறுகிறது. பெண் என்று அடையாளம் தெரியாதபோது 71.8 சதவீதம் ஏற்கப்பட்டது, அடையாளம் தெரிந்தபோது 62.5 ஆகக் குறைந்தது. ஆண்களுக்கும் சரிவு இருந்தது என்றாலும் இந்த அளவுக்கு இல்லை.

மேலே சொன்ன கிட்ஹப் கணக்கெடுப்பில், இங்கே எனக்கு இடமில்லை என்று உணரவைக்கும் பேச்சைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் பெண்களில் 25 சதவீதம், ஆண்களில் 15. ஆண்களிலும் 15 என்பதைக் கவனியுங்கள். முரட்டுப் பேச்சு எல்லோரையும்தான் விரட்டுகிறது. லினக்ஸ் மையநிரல் குழுவிலேயே இது நடந்தது. டோர்வால்ட்ஸின் வசைமொழியைச் சேஜ் ஷார்ப் என்ற நிரலாளர் 2013இல் வெளிப்படையாகக் கண்டித்தார். 2015இல் அந்தப் பணியிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தார். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. 1998லேயே லினக்ஸ்சிக்ஸ் என்ற பெண்கள் குழு இரண்டே விதிகளோடு தொடங்கியிருந்தது: மரியாதையாகப் பேசு, உதவி செய். இருபது ஆண்டு தாமதம்.

நம் பக்கத்தில்

தமிழில் வெறுமை இல்லை. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லித்தருகிறது. அதன் எளிய தமிழ் நூல் வரிசையில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் உள்ளிட்டவை பற்றிய நூல்களை எழுதியவர் து. நித்யா, ஒரு பெண். விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி தருகிறது. கேரளம் நம்மைவிட முன்னே போயிருக்கிறது. அங்கே பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. திருவனந்தபுரத்தில் அம்மாநில அரசின் ஐசிஃபாஸ் மையம், குடும்பப் பொறுப்பால் வேலையை விட்ட பெண்கள் திரும்பிவருவதற்கென்றே பயிற்சிகள் நடத்தியிருக்கிறது.

செய்யக்கூடியவை

முதலில் தமிழக அரசு. புதுமைப் பெண் திட்டத்தில், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் வழங்கப்படுகிறது. திறன் பயிற்சிக்கு நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, கட்டற்ற மென்பொருளில் மூன்று மாதம் வேலை செய்யும் மாணவிகளுக்கும், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பட்டதாரிப் பெண்களுக்கும் ஓர் உதவித்தொகை தரலாம். முதல் ஆண்டில் 100 பேர் போதும். தமிழ் எழுத்துணரி, சொற்பிழை திருத்தி, பேச்சுணரி என்று அவர்கள் கைவைக்க வேண்டிய வேலை குவிந்துகிடக்கிறது.

இந்த உதவித்தொகையைத் திருத்தங்களின் எண்ணிக்கையோடு கட்டிவிடக் கூடாது. 2020 அக்டோபரில், நான்கு திருத்தம் அனுப்பினால் டி-சர்ட் என்று அறிவித்த ஒரு விழாவில், அற்பத் திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து பராமரிப்பாளர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்கள் கணிசம். "ஒவ்வொரு மாணவியும் பத்துத் திருத்தம்" என்று ஓர் ஆணை போட்டால் அதே கூத்து நடக்கும், கெட்ட பெயர் பெண்களுக்கு.

பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டு புராஜெக்ட் விதியை மாற்றலாம். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, நீலநிற பைண்டிங் போட்டு, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் மூட்டை கட்டப்படும் அந்தச் சடங்கு எல்லோரும் அறிந்ததே. அதற்குப் பதிலாக, ஏதேனும் ஒரு கட்டற்ற மென்பொருளில் செய்து ஏற்கப்பட்ட ஒரு நல்ல பணியைப் புராஜெக்டாக ஏற்கலாம். செலவு கிடையாது. உலகமே பார்க்கும்படி மாணவியின் பெயரில் அது நிற்கும். நிரல் எழுதும் போட்டிகளையும் கல்லூரிகள் பகலில் நடத்தலாம்.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் பணி ஒப்பந்தங்கள் பலவற்றில், ஊழியர் எழுதும் எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று இருக்கிறது. கட்டற்ற மென்பொருளை அள்ளிப் பயன்படுத்தும் நிறுவனங்கள், வாரத்தில் சில மணி நேரமாவது அலுவலக நேரத்திலேயே அதற்கு உழைக்க எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். வீட்டுக்குப் போனால் நேரமில்லாத பெண்களுக்கு இந்த ஒரு சலுகை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

பயனர் குழுக்களை நடத்துபவர்களுக்கு: பெண்கள் வந்தால் வரவேற்பு மேசையிலும் மொழிபெயர்ப்பிலும் உட்காரவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மொழிபெயர்ப்பும் ஆவணமும் தாழ்ந்த வேலை அல்ல. ஆவணங்கள் அரைகுறையாகவும் பழையதாகவும் இருப்பது தொல்லை என்று கிட்ஹப் கணக்கெடுப்பில் 93 சதவீதத்தினர் சொல்லியிருக்கிறார்கள். அது நுழைவதற்கு நல்ல வழி. அங்கேயே நிறுத்திவிடுவதுதான் தவறு. ஆறு மாதம் கழித்து, "இந்தப் பகுதியின் நிரலை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் பெண் இல்லாதவரை கூட்ட நேரம்கூட மாறாது.

பெற்றோருக்கும், படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் ஒரு தகவல். கூகுளின் கோடைத் திட்டம் முன்பு மாணவர்களுக்கு மட்டும் இருந்தது. 2022 முதல் 18 வயது நிரம்பிய, இந்தத் துறைக்குப் புதிய எவரும் விண்ணப்பிக்கலாம். அவுட்ரீச்சி ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் கேட்கிறது. இரண்டுமே இணையவழி வேலை. ஊர் மாற வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கணினி படித்த பெண் ஒருவர் இருந்தால், அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள்.